உரிமையே இல்லை என்றால் விடுதலைப் பத்திரம் எதற்கு?

காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து 59 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 1986-ல் திருமணம் நடந்தது. உடன்பிறந்தவர்கள் இரண்டு அண்ணன்கள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த அப்பா 1998-லும், அம்மா 2009-லும் காலமானார்கள். இருவரும் உயில் எழுதவில்லை. சொத்து இரண்டு வகை. நான்கரை ஏக்கர் நஞ்சை, 1951-ல் இறந்த தாத்தாவிடமிருந்து அவருடைய ஒரே வாரிசான அப்பாவுக்கு வந்தது. ஓட்டு வீடும் அதன் மனையும் அப்பா 1974-ல் தம் சம்பளப் பணத்தில் வாங்கியவை. 2001-ல் அண்ணன்கள் இருவரும் முத்திரைத்தாளில் கூர்ச்சீட்டு (யாருக்கு எந்தப் பாகம் என்று எழுதும் சீட்டு) எழுதி, பதிவு செய்யாமலே நிலத்தைப் பிரித்துக்கொண்டு, பட்டாவையும் தனித்தனியாக மாற்றிக்கொண்டார்கள். தங்கைக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் இரண்டு மூட்டை நெல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது நிலத்துக்குப் பக்கத்தில் புறவழிச்சாலை வருகிறது. பெரிய அண்ணன் விற்க நினைக்கிறார். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்துக் கேட்கிறார். "எனக்கும் பங்கு உண்டல்லவா?" என்று தயங்கிக் கேட்டதற்கு வழக்கறிஞர் மூலம் பதில் வந்திருக்கிறது: 1989-க்கு முன் திருமணமான மகளுக்குத் தமிழ்நாட்டில் பங்கு கிடையாது, 2005-க்கு முன்பே தந்தை இறந்துவிட்டால் மத்தியச் சட்டமும் உதவாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, சொத்து 2001-லேயே பாகமாகிவிட்டது, போதாக்குறைக்கு, 22 சவரன் போட்டுக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.

"2020-ல் வேறு தீர்ப்பு வந்ததாகப் படித்தேன். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் இப்படி மாற்றி மாற்றிச் சொல்லலாமா? நாளைக்கு மறுபடியும் மாற்றினால் என் கதி என்ன? என் பெரியம்மா மகள் 2016-ல் இதே வழக்கில் தோற்றுப்போனாள். அடுத்த மாதம் பெரிய அண்ணன் பேரனுக்குக் காதணி விழா. போவதா வேண்டாமா?" என்று கேட்கிறார்.

சகோதரி,

உங்கள் அண்ணனின் வழக்கறிஞர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன முதல் இரண்டு காரணங்களும் ஒரு காலத்தில் சட்டமாக இருந்தவைதான். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஆனால் உங்களிடமும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உங்கள் உரிமை முழுவதும் 2020 தீர்ப்பு என்ற ஒற்றைக் கயிற்றில் தொங்குவதாக நினைத்துப் பயப்படுகிறீர்கள். அப்படி இல்லை. அதனால் சட்டக் கதைக்குப் போகுமுன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம்.

அண்ணன் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டால்

வீட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அது அப்பாவின் சுயசம்பாத்தியம். உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. மகள் எப்போது திருமணமானாள் என்ற கேள்வியே அங்கு இல்லை. அப்பா இறந்த அன்று அம்மாவுக்கும் உங்கள் மூவருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அம்மாவின் கால் பங்கு பிறகு பிள்ளைகள் மூவருக்கும் சமமாக வந்தது. ஆக, வீட்டில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது. இதற்கு 1989-உம் வேண்டாம், 2005-உம் வேண்டாம்.

அடுத்து நஞ்சை. தாத்தா 1956-க்கு முன்பே இறந்து, ஒரே மகனுக்கு வந்த நிலம் என்பதால் அது உண்மையிலேயே பூர்வீகச் சொத்து. (இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தாத்தா பெயரில் இருந்த எதையும் பூர்வீகம் என்று சொல்லிவிடுகிறோம். தாத்தா தாமே சம்பாதித்த சொத்தை வைத்துவிட்டு 1956-க்குப் பிறகு உயிலில்லாமல் இறந்திருந்தால், மகனுக்கு வந்தது அவருடைய தனிச் சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது.) பழைய சட்டப்படி பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. அதனால், அப்பா இறந்த அன்று நிலத்தை அவருக்கும் இரண்டு மகன்களுக்கும் மூன்றாகப் பிரித்ததாகக் கற்பனை செய்ய வேண்டும். அப்பாவின் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். உங்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று. அம்மாவின் பன்னிரண்டில் ஒன்றிலும் மூன்றில் ஒரு பாகம் உங்களுக்கு. கூட்டினால் ஒன்பதில் ஒன்று. நான்கரை ஏக்கரில் அது ஐம்பது சென்ட்.

அதாவது, அண்ணன் தரப்பு வாதத்தை ஒரு எழுத்துக்கூட மறுக்காமல் ஒப்புக்கொண்டாலும், உங்களுக்கு ஐம்பது சென்ட் நிலமும் மூன்றில் ஒரு பங்கு வீடும் உண்டு. அவர்கள் கேட்கும் விடுதலைப் பத்திரம் இதையும் சேர்த்துத்தான் எழுதிக் கேட்கிறது. உங்களுக்கு உரிமையே இல்லை என்பது உண்மையானால் விடுதலை செய்ய உங்களிடம் என்ன இருக்கிறது? நிலம் வாங்க வருகிறவரின் வழக்கறிஞர், "மகள் கையெழுத்து இல்லாமல் இந்தச் சொத்தை வாங்காதீர்கள்" என்று சொல்லியிருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

இனி, ஐம்பது சென்ட் எப்படி ஒன்றரை ஏக்கர் ஆகிறது என்று பார்ப்போம். நீங்கள் கேட்ட பெரிய கேள்வியும் இங்கேதான் வருகிறது.

மகள் பங்காளியான கதை

நம் ஊரில் 'பங்காளி' என்ற சொல்லுக்கு ஆண் வழி உறவு என்றுதான் பொருள். கட்டிக்கொடுத்த பெண் பங்காளி ஆக மாட்டாள். பழைய இந்துச் சட்டமும் அப்படியே நினைத்தது: பூர்வீகச் சொத்தில் பிறந்த உடனே உரிமை பெறுகிறவன் மகன் மட்டும். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. வாரிசுரிமையும் கூட்டுக் குடும்பமும் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசும் மாநில அரசும் அதில் சட்டம் இயற்றலாம். ஆந்திரம் முந்திக்கொண்டது, தமிழ்நாடு அடுத்து வந்தது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த நம் மாநிலத் திருத்தம் மகளையும் பங்காளி ஆக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகளுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரியும் அதில் இருந்தது. உங்கள் அண்ணன் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியை.

பிறகு நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. 2004 டிசம்பர் 20 அன்று மாநிலங்களவையில் மசோதா அறிமுகமாகி, அடுத்த ஆண்டு இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவே புதிதாக எழுதப்பட்டது. திருமணமானவள், ஆகாதவள் என்ற பிரிவினை அதில் இல்லை. பொதுப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் மாநிலச் சட்டம் ஒன்று சொல்லி, பின்னால் வந்த மத்தியச் சட்டம் வேறொன்று சொன்னால், மத்தியச் சட்டமே நிற்கும். ஆகவே '1989-க்கு முன் திருமணம்' என்ற தடை உங்களைக் கட்டுப்படுத்தாது. நம் பக்கத்தில் இன்றும் சில பத்திர எழுத்தர்கள் இந்தப் பழைய வரியை வேதவாக்கு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டத்தை நீதிமன்றம் மாற்றியதா?

சட்டத்தை எழுதுகிறவர்கள் எல்லா வீட்டுக் கதையையும் முன்கூட்டியே யோசிக்க முடியாது. 2005 திருத்தத்தின் வாசகம், சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் முதல், பங்காளி ஒருவரின் மகள், மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆகிறாள் என்கிறது. 'நடைமுறைக்கு வந்த நாள் முதல்' என்பது முன்னோக்கிப் பார்க்கிறது. 'பிறப்பால்' என்பது பின்னோக்கிப் பார்க்கிறது. அந்த நாளுக்கு முன்பே அப்பா இறந்திருந்தால்? வாசகத்தில் நேரடியான பதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது நீதிமன்றத்தின் வேலை. இதைச் சட்டம் போடுவது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெறுமனே வாசித்துக் காட்டுவது என்றும் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேலை அது.

2015-ல் பிரகாஷ் எதிர் பூலவதி வழக்கில் இரண்டு நீதிபதிகள் முதல் சொல்லைப் பிடித்தார்கள். 2005 செப்டம்பர் 9 அன்று தந்தையும் மகளும் உயிரோடு இருந்தால்தான் உரிமை என்றார்கள். 2018 பிப்ரவரியில் தானம்மா வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள், 2001-லேயே தந்தை இறந்துவிட்ட குடும்பத்திலும் மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன மங்கம்மாள் வழக்கில் மற்றொரு இரு நீதிபதி அமர்வு, 1989-க்கு முன் திருமணமான மகள்களுக்கு இல்லை என்று மறுத்தது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 141-ஆம் உறுப்பு. அந்த உச்ச நீதிமன்றமே மூன்று குரலில் பேசினால் மாவட்ட நீதிபதி எதைக் கேட்பார்? அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்கும் தலைவலிதான். எந்தப் பக்கம் வாதாடினாலும் கையில் ஒரு தீர்ப்பு இருந்தது.

ஒரே அளவுள்ள அமர்வுகள் முரண்பட்டால் பெரிய அமர்வுக்குப் போவதுதான் முறை. அப்படித்தான் வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில், 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். உரிமை பிறப்பால் வருகிறது; பிறப்பு எப்போதோ நடந்துவிட்டது; அந்தப் பிறப்பின் பலனை 2005 முதல் சட்டம் தருகிறது; எனவே தந்தை அன்று உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். 'அறுபது வயது நிறைந்தவர்களுக்கு இன்று முதல் ஓய்வூதியம்' என்று ஓர் அரசாணை வந்தால், பிறந்தது என்னவோ அறுபது ஆண்டுக்கு முன்புதான், பணம் கிடைப்பது இன்றிலிருந்துதான். அதைப் போல. 2015 தீர்ப்பும், இதற்கு முரண்பட்ட அளவில் மங்கம்மாள் தீர்ப்பும் அன்றோடு செல்லாமல் போயின. அந்த வழக்கறிஞர் உங்களுக்குக் காட்டியது 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பை.

இந்தக் கணக்கில், நிலத்தில் அப்பா, இரண்டு அண்ணன்கள், நீங்கள் என்று நான்கு பங்காளிகள். அப்பாவின் பங்கும் அம்மாவுக்குப் போய்த் திரும்பிய பங்கும் பிரிந்து முடிந்தால் மூவருக்கும் மூன்றில் ஒன்று வரும். உங்களுக்கு ஒன்றரை ஏக்கர்.

நாளைக்கு மாற முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறுவிதமாகச் சொல்லலாம். நாடாளுமன்றமே வாசகத்தைத் திருத்தலாம். நடக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் கதவு பூட்டப்படவில்லை. அதே சமயம், ஒரு வழக்கு முடிந்து தீர்ப்பாணை இறுதியாகிவிட்டால், பிறகு வரும் தீர்ப்பு அதைத் தொடாது. அதனால்தான் உங்கள் பெரியம்மா மகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அவர் மேல்முறையீடு செய்யாமல் விட்டிருந்தால் அந்த வழக்கை 2020 தீர்ப்பைக் காட்டித் திறக்க முடியாது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலோ, யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணையோடு வழக்கு நின்றிருந்தாலோ வழி இருக்கிறது. அவரிடம் உடனே கேளுங்கள்.

உண்மையான சண்டை கூர்ச்சீட்டில்

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். நாடாளுமன்றம் ஒரு விலக்கு வைத்தது: 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த பாகப்பிரிவினையை, விற்பனையை இந்தச் சட்டம் கலைக்காது. தேதியைப் பாருங்கள், மசோதா அறிமுகமான நாள். மசோதா வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அவசர அவசரமாகப் பிரித்துக்கொள்வதற்கு இடம் தராத தேதி. பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருக்க வேண்டும் என்றும் சட்டமே விளக்கம் சொல்கிறது.

உங்கள் அண்ணன்களின் கூர்ச்சீட்டு 2001-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பதிவாகவில்லை. வாய்மொழிப் பிரிவினையை எளிதில் ஏற்கக் கூடாது என்று 2020 தீர்ப்பு அழுத்தமாகவே சொல்கிறது. ஆனால், பொது ஆவணங்கள் உறுதியாக ஆதரிக்கும் அபூர்வமான சந்தர்ப்பங்களுக்கு ஒரு சிறு சன்னலைத் திறந்தும் வைத்திருக்கிறது. அண்ணன்கள் அந்தச் சன்னல் வழியாகத்தான் வருவார்கள். தனிப் பட்டா, தனி மின் இணைப்பு, தனித்தனியே கட்டிய தீர்வை ரசீது, வங்கிக் கடன் எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள். பட்டா உரிமை ஆவணம் ஆகாது. ஆனாலும் சாட்சியமாக அதற்கு ஒரு கனம் உண்டு. அப்படியே பிரிவினை நடந்தது என்று வைத்துக்கொண்டாலும், அன்று ஏற்கெனவே பங்குதாரர்களாக இருந்த நீங்களும் அம்மாவும் இல்லாமல் நடந்த பிரிவினை அது. அந்த ஒன்பதில் ஒன்றை அதனால் அழிக்க முடியாது. ஒன்றரை ஏக்கர் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஐம்பது சென்டும் வீட்டுப் பங்கும் வலுவாக நிற்கின்றன என்பதே என் மதிப்பீடு. ஆவணங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொன்னால் அது ஜோசியம்.

காலக்கெடு பற்றியும் சொல்ல வேண்டும். பங்குதாரர் ஒருவர் சொத்தைக் கையில் வைத்து அனுபவிப்பது எல்லாப் பங்குதாரர்களுக்காகவும் என்பது பொது விதி. ஆனால் உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அது 2001-லேயே ஓடத் தொடங்கிவிட்டது என்று அவர்கள் வாதிடலாம். பொங்கலுக்கு வந்த நெல் மூட்டை தங்கைக்குச் செய்த சீரா, விளைச்சலில் கொடுத்த பங்கா என்று இரண்டு வழக்கறிஞர்கள் அரை நாள் வாதாடுவார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த மூட்டைகளுக்கு நீங்கள் நினைப்பதைவிட மதிப்பு உண்டு. எப்படியானாலும், எழுத்து மூலமாக மறுப்பு வந்துவிட்ட பிறகு சும்மா இருப்பது நல்லதல்ல.

22 சவரனைப் பற்றி ஒரு வரி போதும். திருமணத்தில் போட்ட நகையைப் பங்கில் கழிக்கச் சொல்லும் பிரிவு எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலத்துக்கும் வீட்டுக்கும் வில்லங்கச் சான்று, தாத்தா காலத்துத் தாய்ப்பத்திரத்தின் நகல், வீட்டின் 1974 கிரயப் பத்திர நகல், பழைய பட்டா, சிட்டா, தாத்தா, அப்பா, அம்மா மூவரின் இறப்புச் சான்றுகள், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாரிசுச் சான்று. தாத்தா இறந்த ஆண்டை நிரூபிப்பது முக்கியம். நிலத்துக்கு மேலே சொன்ன கணக்கெல்லாம் அந்த 1951-ஐ நம்பியே நிற்கிறது. 2004 டிசம்பருக்கு முன் அண்ணன்கள் ஏதாவது பகுதியை விற்றிருக்கிறார்களா என்பதையும் வில்லங்கத்தில் பாருங்கள். 2005 திருத்தத்தைக் காட்டி அதைத் திரும்பக் கேட்க முடியாது.

பிறகு சின்ன அண்ணனிடம் பேசிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அவர் ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசியதாக இல்லை. குடும்பத்தில் ஒத்துவந்தால், நீங்களும் ஒரு தரப்பாக இருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். நிலத்துக்குப் பதில் பணம் வாங்கிக்கொள்வதும் உங்கள் விருப்பம். ஒன்றரை ஏக்கரை ஒரு ஏக்கராகக் குறைத்துக்கொண்டு உறவைக் காப்பாற்ற நினைத்தால் அதையும் நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள், அவ்வளவுதான். உங்கள் வட்டத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகினால் வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அங்கே போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

விற்பனை நெருங்குகிறது என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். பாகப்பிரிவினை வழக்கும் இடைக்காலத் தடை மனுவும் போட வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குகிறவர் அதன் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். வழக்குப் போட்டதோடு வில்லங்கத்திலும் அதைப் பதிவு செய்துவிட்டால், தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. வழக்கு நீளும். முதல்நிலைத் தீர்ப்பாணை, பிறகு ஆணையர் வந்து நிலத்தை அளந்து பிரிப்பது, அதன் பிறகு இறுதித் தீர்ப்பாணை. அண்ணன்கள் மேல்முறையீடு செய்தால் இன்னும் சில ஆண்டுகள். உங்கள் வயதையும் உடல்நிலையையும் வைத்து அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காதணி விழாவுக்குத் தாராளமாகப் போங்கள். குழந்தைக்கு அத்தைப்பாட்டியாகச் செய்ய வேண்டிய சீரைச் செய்யுங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விழா முடிந்ததும், "அப்படியே பக்கத்தில்தான், ஒரு எட்டு வந்துவிட்டுப் போ" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், பத்திரத்தைப் படிக்க முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.